டப்பாவுக்குப் போட்ட சோறு

அந்தம்மாவிடம் தலைவலி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. “எந்தத் தலைவலி?” என்பார். நெற்றியா, பிடரியா, வெயிலில் வந்ததா, பசியில் வந்ததா, அழுது வந்ததா என்று கேட்டுத் தீர்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. மாமா வந்திருக்கிறார் என்றால் எந்த மாமா. பஸ்ஸில் வந்தேன் என்றால் எந்த பஸ். போலீஸ்காரன்கூட இப்படி நோண்ட மாட்டான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மூக்குக்கு மேல் கோபத்தை வைத்துக்கொண்டு திரிந்த காலம்.

யாரைப் பார்த்தாலும் ‘எது’ என்று கேட்ட அந்த மனுஷி ஒரே ஒரு இடத்தில் கேட்காமல் விட்டார். அது என் வீட்டில்.

எங்கள் தெருவில் அவருக்கு டப்பாம்மா என்று பெயர். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும், எழுதப்போவதில்லை. பூந்தமல்லி பஜார் பக்கத்து ஆள். பருத்திப் புடவை, முந்தானை தலையில், கையில் ஆண்கள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடை, தோளில் ரெக்சின் பை. அந்தப் பைக்குள் வெள்ளை நிற பிளாஸ்டிக் டப்பாக்கள், திருகு மூடி போட்டவை, ஒவ்வொன்றின் மேலும் ஒட்டிய பிளாஸ்திரியில் பேனாவால் எழுதிய எழுத்து. எண்பதுகளின் பின்பாதியில் அம்பத்தூரில் உணவைச் சோதிக்கிற ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். எங்கள் சாப்பாட்டை ஊர் ஊராக வாங்கிக்கொண்டு போய் அதில் விஷம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை.

நாங்கள் கோவில்பதாகையில் இருந்தோம். தெருக்கோடியில் ஒரு கொட்டகை, அதில் மரக்கம்பங்களுக்குக் கரையான் அரிக்காமலிருக்க மருந்து ஏற்றுவார்கள். நாங்கள் குடிவந்த வருஷமே அதை மூடிவிட்டார்கள். கொட்டகைக்குப் பின்னால் பச்சை நிறத்தில் ஒரு குட்டை மட்டும் மிச்சம். அதில் தண்ணீர் குடித்த இரண்டு எருமைகள் வாய் நுரைத்துச் செத்தன. மனிதன் செத்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் ஆபீசர்கள் வந்திருப்பார்களா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். எருமைக்காரர் மனு எழுதிப் போட, டப்பாம்மா வந்தார்.

தெருவுக்கு ஒரு வீடு என்று பார்த்து எடுத்தார்கள். அடிபம்புக்கு நேர் எதிரில் இருந்ததால் எங்கள் வீடு. ஏழு டப்பாக்களை வாசலில் வரிசையாக வைத்துவிட்டு அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது.

“ஏழு நாளு, தங்கச்சி. நீங்க ஒருத்தர் இன்னா தின்றீங்களோ, அதே பங்கு இன்னொண்ணு இந்த டப்பாவுக்கு. கஞ்சி குடிச்சா கஞ்சி. ஊறுகா தொட்டுக்கினா ஊறுகா. ஒண்ணும் விடக் கூடாது.”

டீ போட்டுக் கொடுத்தேன். தொடவில்லை. தண்ணீர்? அதுவும் வேண்டாம். நோன்பு மாசமோ என்று கேட்டேன்.

“எந்த மாசமும் கெடையாது. நான் உக்காந்து சாப்ட ஆரம்பிச்சா நீ எனக்காகச் சமைப்பே. நீ உனக்குச் சமைக்கிறதுதான் எனக்கு வேணும்.”

எவ்வளவு தெளிவான பேச்சு! எனக்குத்தான் ஏறவில்லை.

எங்கள் வீட்டில் காலையில் பழைய சோறு. ரேஷன் அரிசிச் சோற்றில் முந்தின நாள் ராத்திரியே பம்புத் தண்ணீரை ஊற்றி மண்சட்டியில் வைப்பேன். காலையில் என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு லேத் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு சட்டி சோறு, அதன் மேல் இரண்டு செம்பு நீராகாரம். வடித்த கஞ்சியையும் விடமாட்டார், உப்புப் போட்டுக் குடிப்பார். இதையெல்லாம் படித்த பொம்பளையின் டப்பாவில் போட்டு, மேலே எங்கள் வீட்டுப் பெயரை ஒட்டி, நாலு ஆபீசர்கள் மூடி திறந்து மோந்து பார்ப்பதா? எனக்கு மானம் போகிற மாதிரி இருந்தது. அதனால் டப்பாவுக்கென்று தனியாகச் சமைத்தேன். கடை அரிசி வாங்கி, லாரியில் வந்த தண்ணீரில், சீர்வரிசையில் வந்த புது எவர்சில்வர் குண்டானில் பொங்கிப் போட்டேன். காலைப் பங்குக்கு முக்குக் கடையில் நாலு இட்லி. அவர் சாப்பிடாவிட்டால் என்ன, அவருடைய டப்பா எனக்கு விருந்தாளியாகிவிட்டது.

மூன்றாம் நாள் மிச்சமிருந்த லாரித் தண்ணீரிலேயே மத்தி மீன் குழம்பு வைத்தோம். மீன் கௌரவமான சமாசாரம், அதை மட்டும் உள்ளபடி போட்டேன்.

தினமும் சாயந்திரம் வந்து டப்பாவை எடுத்துப் போவார். ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து பார்ப்பார். “நல்லாச் சமைக்கிறே” என்று ஒருநாள் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

இன்னொரு பழக்கம் அவருக்கு. யாரிடம் பேசினாலும் கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்ப்பார். கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்தித் தடவிவிட்டு விட்டுவிடுவார். கைரேகை தெரிந்தவர் என்று தெருவில் செய்தி பரவி, ஒருநாள் ஐந்தாறு பெண்கள் வரிசையில் நின்றுவிட்டார்கள்.

“ஆயுசு எப்டி கீது மேடம்?” என்று ஒருத்தி கேட்டாள்.

“அது எனக்குத் தெரியாதும்மா. தோல் மட்டும்தான் தெரியும்” என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். கேட்டவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து தெருவே அல்லோலகல்லோலப்பட்டது. மீனில் பாஷாணம் இருக்கிறதாம், ஆபீசிலேயே எழுதிவிட்டார்களாம். கூடை சுமந்து வருகிற மீன்காரம்மாவிடம் ஒருத்தரும் ஒரு வாரமாக வாங்கவில்லை. டப்பாம்மாவைத் தெருவில் கண்டதும் அவள் கூடையைத் தொப்பென்று இறக்கினாள்.

“இன்னாமே, என் மீன்ல பாஷாணம்னு எவ சொன்னது? நீயா?”

“நான் சொல்லல. எங்க பெரியவரு எழுதினாரு. மொத்தம் எவ்ளோன்னு பாத்தாரு. எதுன்னு பாக்கல.”

“கீதா இல்லியா, அத்தச் சொல்லு மொதல்ல!”

“கீது. அந்தப் பாஷாணம், ஆர்சனிக்னு பேரு, கடல் மீன்ல எப்பவும் கீது. ஆனா அது வேற ஜாதி. வந்த வழியா வெளிய போய்டும், ஒடம்புல தங்காது. தண்ணியிலயும் அரிசியிலயும் வர்றதுதான் ஒடம்பைக் கெடுக்கும். ஒரே வகுத்துல பொறந்த அண்ணன் தம்பிகூட ஒரே மாதிரியா கீறாங்க? பேரு ஒண்ணா இருந்தா ஆளு ஒண்ணாய்டுமா?”

மீன்காரிக்கு என்ன புரிந்ததோ, டப்பாம்மா அங்கேயே அரைக் கூறு மத்தி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டது மட்டும் எல்லாருக்கும் புரிந்தது. மறுநாளிலிருந்து மீன் விற்றது.

அதற்காக அவர் ஆபீசில் பெரிய சண்டையே போட்டிருக்கிறார். மேலதிகாரிக்கு ஒரே வரியில் பதில் வேண்டும், ஆர்சனிக் இத்தனை என்று. டப்பாம்மா எங்கள் வீட்டு டப்பாவையே எடுத்துவைத்து, மூன்று நாள் உட்கார்ந்து, அதில் இருப்பது எந்த ஆர்சனிக் என்று பிரித்துக் காட்டியிருக்கிறார். அத்தனையும் மீனுடையது. கெட்டது சொட்டும் இல்லை. “எவ்ளோன்னு கேக்கறவன் பாதி வேலை செஞ்சவன்” என்று அவர் அடிக்கடி சொல்வார். அன்றைக்கு முழு வேலையும் செய்த பெருமை முகத்தில் தெரிந்தது. அவரே வீட்டுக்கு வந்து சொன்னார்.

“பயப்படாத தங்கச்சி. உன் ஊட்டு சோறு சுத்தம். பம்பை மூட வேணாம்னு எழுதிட்டாங்க.”

“தண்ணியையும் ஒருவாட்டி பாத்துடலாமே மேடம்?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

“தண்ணி வேற ஆபீசு. மழைக் காலத்துல வந்து புடிச்சுக்கினு போனாங்க, நல்லா கீதுன்னு எழுதிட்டாங்க. எனக்குச் சோறுதான். சோத்துல வந்திருந்தா நான் உட்டிருக்க மாட்டேன்.”

நான் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன். சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் ‘எங்கிட்டப் பொய் சொல்லிட்டியா’ என்று எல்லார் எதிரிலும் கேட்டுவிடுவாரோ என்று ஒரு பயம். எருமை செத்தது குட்டைத் தண்ணீரில்தானே, பம்புத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அப்போது எனக்கு நாள் தள்ளியிருந்தது. எதைத் தின்றாலும் குமட்டும். பழைய சோறும் நீராகாரமும் மட்டும்தான் வயிற்றில் தங்கியது.

பெண் பிறந்தாள். அவளுக்கு ஆறாம் மாசம் நடக்கும்போது பங்குனி வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு டப்பாம்மா மறுபடி வந்தார். அவருடைய டப்பா ஒன்று எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது, நான் அதில் உளுந்து போட்டுவைத்திருந்தேன். அதைக் கேட்டுத்தான் வந்தார். இல்லையென்றால் வந்திருக்க மாட்டார், எங்கள் வீடுதான் சுத்தமாயிற்றே. என் வீட்டுக்காரர் உளுந்தைக் கொட்டிவிட்டு டப்பாவை நீட்டினார். அந்தம்மா டப்பாவை வாங்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளங்கை முழுக்கத் தோல் உளுந்து உளுந்தாகக் கெட்டித்துக் கிடந்தது. எனக்குத் தெரியாததா? ஆறு மாசமாகத் தெரியும்.

“லேத்து வேலை மேடம். இரும்பு புடிக்கிற கை” என்றார் இவர்.

“காலைக் காட்டுங்க.”

“காலா?”

“பாதம். திருப்பிக் காட்டுங்க.”

பாதத்திலும் அதே.

“காலால லேத்து ஓட்டுறீங்களா?”

இவர் சிரித்தார். அந்தம்மா சிரிக்கவில்லை. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றச் சொன்னார். மார்பில், புழுதித் தரையில் முதல் தூறல் விழுந்த மாதிரி, கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள். தேமல் என்று நான் மஞ்சள் அரைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“காலையில இன்னா சாப்புடுவீங்க?”

இவர் என்னைப் பார்த்தார். டப்பாவில் நான் எதைப் போட்டேன் என்று இவருக்குத் தெரியும். என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, பாவி மனுஷன், “இட்லி மேடம்” என்றார்.

டப்பாம்மா என்னைப் பார்த்தார். குழந்தை என் இடுப்பில் இருந்தது. அதன் கையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மெதுவாக மூடி, குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். டப்பாவை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் எதையும் மறந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை இவரைச் சாப்பிடவிடவில்லை. சட்டியிலிருந்த பழைய சோற்றை அப்படியே அந்த டப்பாவில் வழித்துப் போட்டு, நீராகாரத்தையும் ஊற்றி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்பத்தூருக்கு பஸ் ஏறினேன். ஆய்வுக்கூடத்துத் தாழ்வாரத்தில் ஒரு மணி நேரம் நின்றேன். அவர் வெளியே வந்தார். டப்பாவை வாங்கினார், மூடியைத் திறந்தார். புளித்த வாசம் தாழ்வாரம் முழுக்கப் பரவியது.

“இது யாரோடது?”

“எங்களோடதுக்கா.” மேடம் என்று வாயில் வரவில்லை.

“எந்த நாளோடது?”

“எல்லா நாளும் இதான்க்கா.”

படியில் உட்கார்ந்துவிட்டார். ஏழு நாளும் என்ன செய்தேன் என்று நானே சொன்னேன். கடை அரிசி, லாரித் தண்ணீர், முக்குக் கடை இட்லி எல்லாம். திட்டுவார் என்று நின்றேன். காறித் துப்பியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“ஏழு நாளும் இட்லி. ஒரே அளவு, ஒரே அச்சு” என்றார் தரையைப் பார்த்து. “கடை இட்லின்னு பாத்தாலே தெரியும். கூலிக்குப் போற ஊட்ல ஏது தெனம் கடை இட்லி? எந்த இட்லின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சின்னப் பொண்ணு, ஆசையாப் போடுது, எதுக்கு மூஞ்சில அடிச்ச மாதிரி கேக்கணும்னு உட்டுட்டேன். உன் ஒருத்திகிட்டதான் நான் கேக்கல.”

பிறகு என்னை உள்ளே கூட்டிப்போனார். ஒரு மேஜை மேல் கண்ணாடிச் சீசாக்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் சின்ன வெள்ளைத் தாள் துண்டு. சோற்றைக் கரைத்த தண்ணீரோடு ஆசிடும் துத்தநாகமும் போட்டால் ஆர்சனிக் காற்றாக மேலே வரும், தாளைப் பிடிக்கும், தாள் நிறம் மாறும் என்றார். மீனின் ஆர்சனிக் இப்படிச் சுலபத்தில் எழும்பாது, எழும்புவது கெட்டதுதான். போன வருஷத்து எங்கள் டப்பாவின் தாளை ஒரு புத்தகத்துக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். வெள்ளையாகத்தான் இருந்தது. அதன் பக்கத்தில் நான் கொண்டுவந்த சோற்றுக்கான தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளித்தது. பிறகு பழுப்பு. பிறகு பில்டரில் மிஞ்சின காப்பித்தூள் நிறம். குழந்தை அதைப் பிடிக்கக் கையை நீட்டியது. நான் அதன் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அந்த வாரமே பம்புக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். கம்பங்களுக்கு ஏற்றிய மருந்தின் ஆர்சனிக் மண்ணில் இறங்கி, மழையில் நல்லதாக இருக்கும் தண்ணீர் கோடையில் அடிமட்டம் இறங்கும்போது கெட்டுப்போகிறது என்று பிறகுதான் கண்டுபிடித்தார்களாம். ஆனால் நடுவில் ஒரு வருஷத்துக்கு மேல் தெரு மொத்தமும் அதைக் குடித்திருந்தது, என் டப்பா நற்சாட்சி கொடுத்த தைரியத்தில். பக்கத்து வீட்டுப் பெரியவர் அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தார். வயசானவர், வயிற்று வலி என்று எல்லாரும் சொன்னார்கள். ‘எந்த வயித்து வலி’ என்று டப்பாம்மா அந்த வீட்டு வாசலில் போய்க் கேட்டார். துக்க வீட்டில் இதென்ன கேள்வி என்று விரட்டிவிட்டார்கள். நான் என் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கிப்போய் அவர் பக்கத்தில் நிற்கவில்லை. நான் செய்ததை அவரும் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இதுதான் முதல் தடவை.

என் வீட்டுக்காரருக்கு வலது மோதிர விரலில் ஒரு புண் ஆறவே இல்லை. தொண்ணூற்று மூன்றிலோ நாலிலோ பெரிய ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள். “நின்னுபோச்சின்னு சொல்ல முடியாது. பத்து வருஷம் கழிச்சும் வரும், இருபது வருஷம் கழிச்சும் வரும். பாத்துக்கினே இருங்க” என்றார் டப்பாம்மா. வருஷத்துக்கு ஒருமுறை, கோடையில், யாரும் சொல்லாமல் அவரே வருவார். மூவரின் கையையும் பாதத்தையும் பார்ப்பார். அந்தக் குடையைத் தெருமுனையில் கண்டாலே நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். வர ஒரு வாரம் தாமதமானால் தெருமுனைக்கே போய் நின்றுவிடுவேன். என் பிள்ளையின் உடம்பை என்னைவிட உன்னிப்பாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவரிடம் எனக்கு இருந்தது பாசம்தான், அதைப் பயமில்லாமல் ஒருநாளும் காட்ட முடிந்ததில்லை.

பெண்ணுக்கு எட்டு வயது. அந்தக் கோடையில் குழாயில் சொட்டுத் தண்ணீர் கிடையாது, லாரியும் நாலு நாளாக வரவில்லை. பம்புச் சங்கிலியைத் தெருவிலேயே யாரோ வெட்டிவிட்டார்கள். இத்தனை வருஷமாச்சு, விஷம் எல்லாம் இறங்கிப் போயிருக்கும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நானும் குடத்தைக் கொண்டுபோனேன். பாத்திரம் கழுவத்தான் என்று சொல்லிக்கொண்டேன். முதல் நாள் கழுவத்தான் செய்தேன். லாரித் தண்ணீர் ஒரு தவலைதான் மிச்சம், அது உலை வைக்க. சோற்றில் ஊற்றி வைக்கத் தண்ணீர் இல்லை. ஒரு நாள்தானே என்று ஊற்றினேன். மறுநாளும் அதே ஒரு நாள்தானே.

நாலாம் நாள் குடை வந்தது.

அந்தம்மாவுக்குத் தலை நரைத்துவிட்டது, டப்பாப் பையை மட்டும் விடவில்லை. வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். முதலில் என் வீட்டுக்காரரின் கை. ஒன்பது விரலும் பார்த்தார். பிறகு என் கை. பிறகு பெண் ஓடிவந்து, மருதாணி வைத்துச் சிவந்திருந்த இரண்டு கையையும் பெருமையாக நீட்டினாள். சிவப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காக அவர் வெயிலில் சாய்த்துப் பிடித்தார். கட்டைவிரலால் அழுத்தித் தடவினார். ஒரு இடத்தில் நிறுத்தி மறுபடி தடவினார்.

“காலையில இன்னா சாப்ட்டே, கண்ணு?”

பெண் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் அவளுக்கு எதுவும் சொல்லிக்கொடுத்ததில்லை. அப்படி ஒரு பார்வை எங்கள் வீட்டில் இருந்தது, அதைப் பார்த்தே வளர்ந்திருக்கிறாள்.

“இட்லி” என்றாள்.

டப்பாம்மா அவள் கையை விடவில்லை.

“எந்த இட்லி?” என்றார். கேட்டது அவளை. பார்த்தது என்னை.

நான் உள்ளே போனேன். மூலையில் தட்டு போட்டு மூடியிருந்த சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்தேன்.

“பம்புத் தண்ணிக்கா. மூணு நாளா” என்றேன்.

அவர் பையைத் திறந்து டப்பா எடுத்தார். ஒன்று என் வீட்டுக்காரருக்கு, ஒன்று எனக்கு. மூன்றாவதின் மேல் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டே, என் பெண்ணிடம் அவள் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார்.